புயல் அடித்தால்தான் அப்பா மனசு மாறுமா?

14 அக்டோபர் 2024, இரவு

கேள்வி என்னுடையதல்ல. குறிஞ்சிப்பாடி வாசகி ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன்: "திருநங்கை வரும் கதைகளில் கடைசியில் வீட்டார் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் வெள்ளம் வருகிறது, இல்லை பஸ் கவிழ்கிறது, இல்லை அம்மா சாகிறாள். ஒன்றுமே நடக்காத வீட்டில் யாரும் யாரையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்களா?"

நான் மெய்ப்புத் திருத்துகிறவன், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிற வேலை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு தினம் பஸ். வருடத்துக்கு ஐந்தாறு நாவல், கணக்கில்லாத சிறுகதை கண்ணில் படும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆமாம், கதைக்கு அது வேண்டும். மனிதன் சும்மா மாற மாட்டான். ஒரு அடி விழுந்தால்தான் அடுத்த அடி வைப்பான்.

நானே அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், 2013-இல், ஒரு சிற்றிதழில். தானே புயல் கதை. பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத் தோப்பு, ஓடு பறந்த வீடு, இடிந்த சுவருக்கு அடியில் கால் மாட்டிக்கொண்ட அப்பா. பதினைந்து வருடம் முன்பு அவர் அடித்துத் துரத்திய பிள்ளை திருநங்கையாகத் திரும்பி வருகிறாள். விழுந்த மரங்களைத் தாண்டி அவரைத் தோளில் சுமந்து ரோடு வரை கொண்டுபோகிறாள். கடைசி வரியில் அப்பா "மகளே" என்கிறார். படித்தவர்கள் அழுதோம் என்று கடிதம் போட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆக, என் ஓட்டு புயலுக்கு.

15 அக்டோபர், காலை, பஸ்ஸில்

ஒன்று விட்டுப்போனது. கதைக்கு விதை எங்கள் வீடுதான். பெரியப்பா மகன் ஒருவன் 1996-இல் வீட்டை விட்டு ஓடினான். தானே புயல் அடித்த பிறகுதான் திரும்பி வந்தான், புடவையில். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய புயல் அது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஐம்பது வருடத்துப் பலா மரம் காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு காட்சிக்குப் பிறகு எந்த அப்பாவும் பழைய அப்பாவாக இருக்க முடியாது.

கன்னியக்கோயில் தாண்டியாயிற்று. மீதி அப்புறம்.

15 அக்டோபர், மதியம்

அப்புறம் என்று போனவனுக்கு நல்ல செருப்படி. "ஓடினான், வந்தான், அதுவும் புடவையில். மெய்ப்புத் திருத்துகிறவருக்கு விகுதிகூடவா தெரியாது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெரியும். கதையில் ஒழுங்காக "வருகிறாள்" என்று எழுதினேன். வீட்டு விஷயம் பேசும்போது கை தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. மேலே இருப்பதைத் திருத்தப்போவதில்லை, கிடக்கட்டும். இனிமேல் அக்கா என்றே எழுதுகிறேன். அக்காவை நேரில் அக்கா என்று கூப்பிடத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. எழுத்தில் அண்ணன் எங்கே ஒளிந்திருந்தான் என்று தெரியவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. சில வருடம் முன்பு ஒரு நாவல் மெய்ப்புக்கு வந்தது. 83 பக்கம் வரை "அவன்", 84-இல் திடீரென்று "அவள்". நடுவில் ஒரு விளக்கமும் கிடையாது, ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. நான் பிழை என்று நினைத்து 84 முதல் கடைசி வரை சிவப்பு மையால் "அவன்" போட்டுக்கொண்டே போனேன். நூற்றுச் சொச்சம் பக்கம். ஆசிரியர் வந்து புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. "என் கதையில் மொத்தம் ஒரே ஒரு சம்பவம்தான் சார். அதை நீங்கள் அடித்துவிட்டீர்கள்" என்றார்.

17 அக்டோபர்

புதுச்சேரியிலிருந்து ஒரு திருநங்கை வாசகர் என் 2013 கதையைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரம் மட்டும் தருகிறேன், சில வரிகளை அவர் மொழியிலேயே.

"கதையில அப்பாவுக்குப் பேர் இருக்கு. நாய்க்கு மணின்னு பேர் இருக்கு. அவளுக்கு மட்டும் பேர் இல்ல. பொதுவா நாங்கதான் பேரை எவ்ளோ யோசிச்சு வெச்சுக்குவோம் தெரியுமா?"

போய்ப் பார்த்தேன். உண்மை. பதினோரு பக்கக் கதையில் அவள் "அவள்" மட்டும்தான்.

அடுத்தது: "அவ ஏன் அப்பாவைத் தூக்கிச் சுமக்கணும்? சும்மா வந்து நின்னா சோறு கிடையாதா?" அதற்கும் அடுத்தது, நேற்றிலிருந்து என்னைத் தூங்கவிடாத ஒன்று: "புயல் அப்பாவுக்கு மட்டும்தான் அடிச்சுதா?"

20 அக்டோபர்

மூன்று நாள் யோசித்தேன். முதல் இரண்டு கேள்விக்கு என்னிடம் சப்பைக்கட்டுக்கூட இல்லை. சுமந்தால் மகள், சுமக்காவிட்டால் யாரோ என்றால் அதற்குப் பெயர் ஏற்பு இல்லை, கூலி. நான் திருத்திய கதைகளை நினைவிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன்: ரத்தம் கொடுத்தவள், சிறுநீரகம் கொடுத்தவள், கடனை அடைத்தவள், தீயில் குதித்துத் தம்பி குழந்தையைத் தூக்கியவள். இவ்வளவையும் கொடுத்த பிறகு வீட்டார் ஒரு வாய்ச் சொல் கொடுக்கிறார்கள். அதற்கு நாம் அழுகிறோம்.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் அன்று அங்கே இருந்தேன்.

புயலுக்கு மூன்றாம் நாள். கரண்ட் இல்லை. பெரியப்பா வீட்டு ஓடு பாதி போயிருந்தது. யாருக்கும் அடி இல்லை, எந்தச் சுவரும் யார் காலிலும் விழவில்லை. ஒரு வாடகை வேன் ரோட்டிலேயே நின்றது, உள்ளே வர வழியில்லை. அக்காவும் இன்னும் மூன்று பேரும் இறங்கி நடந்து வந்தார்கள். கையில் தார்ப்பாய், மெழுகுவத்தி, ஒரு மூட்டை அரிசி. அக்கா மாம்பழ நிறப் புடவை. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. வாசலைப் பார்த்தும் பார்க்காமலும், "சாப்ட்டாச்சா?" என்றார். யாரைக் கேட்டார் என்று யாருக்கும் புரியவில்லை. பெரியம்மா உள்ளேயிருந்து "ம்ம், ஆச்சு" என்றாள், தன்னைக் கேட்டதாக நினைத்து.

அக்காவை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. விழுந்து கிடந்த பலா மரத்தின் மேல் உட்கார்ந்தாள். அரை மணி நேரம். மரத்தில் கரண்டிக் கைப்பிடி அளவு பிஞ்சுகள் வாடித் தொங்கின. அதில் ஒன்றைக் கிள்ளி, பாலை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நால்வரும் போய்விட்டார்கள். அரிசி மூட்டை திண்ணையில் இருந்தது. பெரியப்பா இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மழை தூறியதும் அவரே தூக்கி உள்ளே வைத்தார். மூட்டையை, மரத்தில் உட்கார்ந்திருந்தவளை அல்ல.

அதன் பிறகு ஒரு வருடம் முன்னைவிடக் கடுமையாகத்தான் இருந்தார். அவள் பேச்சை எடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். இப்போது யோசித்தால் புரிகிறது. தான் துரத்தியவள் தன் ஓடு பறந்ததைப் பார்த்துவிட்டாள். அவருக்கு அது புயலைவிடப் பெரிய அவமானம். அடிபட்டவன் மனம் இளகும் என்பது பாதிதான் உண்மை. அடிபட்டவன் முதலில் மூடிக்கொள்வான்.

இதையெல்லாம் பார்த்தவன்தான் தோளில் சுமக்கும் கதை எழுதினான்.

20 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மாம்பழ நிறமா கத்தரிப்பூ நிறமா என்று இப்போது சந்தேகம். விடுங்கள்.

21 அக்டோபர்

தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் சுனாமியைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதில் இப்படிக் கதைகள் இல்லையா என்று. கதைகள் உண்டு. நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணம் குடும்பம், குடும்ப அட்டை என்ற கணக்கில்தான் வந்தது. வீட்டை விட்டு வந்து நான்கு பேராகச் சேர்ந்து வாழ்ந்த திருநங்கைகளிடம் அட்டை ஏது? பலர் பட்டியலுக்கே வரவில்லை. அப்போது கள ஆய்வு செய்தவர்கள் இதை எழுதியும் இருக்கிறார்கள். தமிழகத்தில் திருநங்கைகளுக்கென்று நல வாரியம் வந்தது 2008-இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014 ஏப்ரல் 15. அலை அடித்தபோது இரண்டும் இல்லை.

கதையில் பேரிடர் எல்லாரையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவருகிறது. நிஜத்தில் கூரைக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு, அட்டை கொண்டுவந்தாயா என்று கேட்கிறார்கள்.

2 நவம்பர்

தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் இந்த உரையாடல் இழை எங்கோ போயிருக்கிறது. அரவான் வந்துவிட்டார். வராமல் இருப்பாரா, நம் ஊரில்!

திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் கூவாகம் திருவிழா எல்லாருக்கும் தெரியும். நம் பஸ் ரூட்டிலேயே, புதுச்சேரி எல்லையில், பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர், அதாவது அரவான், இருக்கிறார். பாரதப் போரில் களப்பலிக்குச் சம்மதித்த அரவான் சாவதற்கு முன்னால் ஒரு கல்யாணம் கேட்கிறான். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி வருகிறான். ஒரு ராத்திரி. மறுநாள் தாலி அறுப்பு, ஒப்பாரி. நம் ஊர்க் கூத்தில் இதை விடிய விடியப் பார்த்திருக்கிறேன். சாவு முன்னால் நின்றால்தான் கல்யாணம் என்பது குறிஞ்சிப்பாடி வாசகியின் கேள்விக்கு எவ்வளவு பழைய சாட்சி பாருங்கள். புயல் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை, கூத்து மேடையிலிருந்து எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஆனால் எதிர்சாட்சியும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று பேடு. சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடிக் கோலத்தில், அதாவது ஆண் பெண்ணாக மாறிய கோலத்தில், ஆடியது என்று உரையில் சொல்கிறார்கள். பிள்ளைக்காக அப்பா கோலம் மாறுகிறார். பிள்ளையை மாறச் சொல்லவில்லை. இதை யாரும் கதையாக எழுதி எனக்கு மெய்ப்புக்கு வரவில்லை.

அக்காவிடம் கூவாகத்துக்கு ஏன் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ ஆழமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "வெயில்ல இடுப்பு வலி தாங்கலடா" என்றாள்.

9 நவம்பர்

விகுதிக்கு வருகிறேன். என் தொழில் புத்தி அங்கேதான் போகும்.

வேறு சில மொழிகளில் ஓர் அப்பா வாய் திறந்து பேசிக்கொண்டே மனதை மறைத்துவிட முடியும் என்று நினைக்கிறேன். தமிழில் அது கஷ்டம். ஒவ்வொரு வினையும் காட்டிக்கொடுக்கும். வந்தான், வந்தாள், வந்தது, வந்தார். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்), ஊடுபால் (ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடல்கூறோடு பிறந்தவர்) என்று மரியாதையான சொற்கள். எங்கள் மேஜைக்கு மேலே அதை ஒட்டி வைத்திருக்கிறேன் (புதுச்சேரிக்கு அது செல்லுமா என்று ஒருவர் சட்டம் பேசினார், நல்ல சொல்லுக்கு எல்லைச் சாவடி கிடையாது என்றேன்). ஆனால் பட்டியல் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. சோறு போடும்போது வேண்டியது வினைச்சொல்.

பத்திரிகைக்காரர்கள் "ஆர்" போட்டுத் தப்பிக்கிறார்கள். திருநங்கை ஒருவர் வந்தார். வீட்டில் எந்த அப்பா மகளை "வந்தார்" என்பார்? அப்படிச் சொன்னால் அது வேறு வகைத் துரத்தல்.

பெரியப்பா கண்டுபிடித்த வழி "ஆச்சு". சாப்ட்டாச்சா, கிளம்பியாச்சா, மருந்து வாங்கியாச்சா. இதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, ஆளே இல்லை. மூன்று வருடம் இந்த ஒரே வாய்ப்பாட்டில் பேசினார். அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். இவர் எடுத்து, "போன் வந்திருக்கு" என்று பெரியம்மாவிடம் நீட்டுவார். யாரிடமிருந்து என்று சொல்ல மாட்டார். பெரியம்மாவும் கேட்க மாட்டாள். 2012-இல் எப்போதோ திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முளைத்தது. அடுத்த பொங்கலுக்கு நாற்காலி ரேழிக்கு வந்தது. நாற்காலிதான் முதலில் வீட்டுக்குள் நுழைந்தது, அக்கா அதன் பின்னால் நுழைந்தாள்.

இன்னொன்று டம்ளர். அக்காவுக்குத் தனி டம்ளர். அடியில் பெரியம்மா சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தாள், மற்றதோடு கலக்காமல் இருக்க. வெறுப்பில் வைத்ததாகச் சொல்ல மாட்டேன், பயத்தில் வைத்தது, ஊர் பேசும் என்று. எப்படி வைத்தாலும் பொட்டு பொட்டுதான். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிற வீடு அது. பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒருநாள் நான் காப்பி குடிக்கும்போது டம்ளரைத் தூக்கிப் பார்த்தேன், ஓரத்தில் மிளகளவு சிவப்பு மிச்சம். யாரும் மறுபடி பூசவில்லை. அடுத்த முறை எது அந்த டம்ளர் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டார் ஏற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டால் அந்தப் பொட்டு அழிந்த நாள் என்பேன். எந்தத் தேதி என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்குத் தேதி வேண்டும், நேரம் வேண்டும், மின்னல் வேண்டும். அதனால்தான் புயலைக் கூப்பிடுகிறோம்.

2015-இல் பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அக்காதான் கூட்டிப்போனாள், நானும் போயிருந்தேன். நர்ஸ் வந்து "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்த பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "எம் பொண்ணு வந்திருக்கு. வெளிய நிக்குது."

நிக்குது.

9 நவம்பர், இரவு

சிலருக்கு இது புரியாமல் "அஃறிணையா? அவமானம் அல்லவா?" என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. தெருவில் திருநங்கையைப் பார்த்து "அது போகுது பார்" என்று சொன்னால் அதைவிடக் கேவலம் வேறில்லை. அதே ஊரில், அதே வாயில், "எம் பொண்ணு பத்தாவது படிக்குது", "குழந்தை தூங்குது", "அக்கா வந்துச்சு" என்றால் அதைவிடச் செல்லம் வேறில்லை. ஒரே விகுதி. முன்னால் "பொண்ணு" வந்தால் செல்லம், வெறும் "அது" வந்தால் வசை. பெரியப்பா இரண்டையும் சொன்ன மனிதர். 1996-இல் அவர் "அது இந்த வீட்டுக்கு வேணாம்" என்றதும் என் காதில் இருக்கிறது.

இதை எழுத்துத் தமிழில் எப்படி எழுதுவது? "என் மகள் வந்திருக்கிறாள், வெளியே நிற்கிறாள்" என்று திருத்தினால் இலக்கணம் சுத்தம். கதை போயிற்று.

10 நவம்பர்

"உங்கள் பெரியப்பா மயக்கத்தில் சொல்லியிருப்பார்" என்ற அன்பருக்கு: கண்ணுக்குச் சொட்டு மருந்துதான் போட்டார்கள். நாக்குக்கு இல்லை.

16 நவம்பர்

மூன்றாவது கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். புயல் அப்பாவுக்கு மட்டும்தான் அடித்ததா?

1996 வைகாசி. அவளுக்குப் பதினாறு, எனக்குப் பன்னிரண்டு. முடி வளர்க்கிறாள் என்று ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடக் கூட்டிப்போனார்கள். அங்கே திமிறினாள் என்று திரும்பக் கொண்டுவந்து, கொல்லையில் ஆள் வைத்து மிஷினால் எடுத்தார்கள். கையால் அழுத்தி ஓட்டும் பழைய மிஷின், கிர்க் கிர்க் என்று. பெரியப்பா தலையைப் பிடித்தார். சித்தப்பா கையை. "காலைப் புடிடா" என்றார்கள் என்னை.

பிடித்தேன்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். 2013 கதையில் இந்தக் கொல்லை இல்லை. "அடித்துத் துரத்திய" என்று இரண்டு சொல். பதினோரு பக்கத்தில் புயலுக்கு ஐந்து பக்கம், அவளுக்கு இரண்டு சொல். மிஷின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அக்கா அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவாள். சலூன் இருக்கும் தெருவில் எதிர்ப்பக்கம் நடப்பாள். இதுதான் காயம். ஓடு பறந்தது காயமல்ல. ஓடு மாற்றியாயிற்று, இப்போது காங்கிரீட்டே போட்டாயிற்று.

நம் கதைகளில் காயப்படுகிறவர் ஒருவர், பாடம் படிக்கிறவர் இன்னொருவர். காயப்பட்டவள் அந்தப் பாடத்துக்கு வாத்தியாராகவும் இருக்க வேண்டும், சம்பளம் இல்லாமல். பாத்திரம் என்று எடுத்தால் அப்பாவைவிட அவளிடம்தான் அதிகம் நடக்கிறது. மறுபடி அந்த வீட்டு வாசலில் கால் வைக்க அவள் எதைத் தாண்ட வேண்டியிருந்தது? விழுந்த மரத்தையா? கொல்லைப் பக்கம் போகாமல் எப்படி அந்த வீட்டில் இருக்கிறாள்? அவள் அப்பாவை ஏற்றுக்கொண்டாளா? இதை நான் கேட்கவே இல்லை. கதையிலும் இல்லை, நேரிலும் இல்லை.

4 டிசம்பர்

கரண்ட் வந்தது. எல்லாரும் நலமா?

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி நின்றுவிட்டது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்து, தென்பெண்ணை ஆறு கடலூர் குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. மெய்ப்புக் கட்டுகளைப் பரணில் ஏற்றினேன். என் கையெழுத்துப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன, அதில் 2013 கதையும் ஒன்று. ஊறிவிட்டது. இதை ஒரு கதையில் யாராவது எழுதியிருந்தால் "மிகை" என்று ஓரத்தில் குறித்திருப்பேன்.

29 டிசம்பர்

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரியில் மாடியில் ஒரு அறை, வாடகை. கீழே வீட்டுக்காரர் குடும்பம். வந்த நாளிலிருந்து அவர்களுக்கு அக்காவைக் கண்டால் ஆகாது. மாடிப்படியில் எதிரே வந்தால் நின்று வழிவிடுவார்கள், மரியாதைக்காக இல்லை.

புயலன்று கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஐந்து பேர், ஒரு கைக்குழந்தை, மிக்ஸி, ஃபிரிட்ஜ் கதவு வரை எல்லாம் அக்கா அறைக்கு ஏறின. இரண்டு ராத்திரி. அக்கா கஞ்சி காய்ச்சிப் போட்டிருக்கிறாள். குழந்தை அவள் மடியில்தான் தூங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் கைகூப்பி, "உன்னைத் தப்பா நெனச்சுட்டம்மா" என்றிருக்கிறார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஆகா, புயல் கட்சி ஜெயித்துவிட்டது! இதை இங்கே போட்டே ஆக வேண்டும் என்று பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"இருடா, முடிக்கல" என்றாள். "கீழ வீடு ரிப்பேர் செலவுன்னு ஜனவரிலேருந்து வாடகை ஐந்நூறு ஏத்திட்டாரு."

அன்றைக்கு நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். கொல்லை, கால், எல்லாம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நீ புடிச்சது தெரியும். உன் கை நடுங்குச்சு. அதான் ஒரு காலை உதற முடிஞ்சுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்கப்பாரு பெரியப்பா சித்தப்பா யாரையும் நான் மன்னிக்கல, மன்னிக்காமயும் இல்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். அவ்ளோதான்" என்றாள்.

இதற்கு என்ன விகுதி போடுவது?

வரும்போது பிள்ளையார்குப்பம் நிறுத்தத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது.

30 டிசம்பர்

மேலே ஒருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: இவ்வளவு பேசியும் ஒரு திருநம்பி ஏன் வரவில்லை? என் மேஜைக்கு வந்த கதைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. புயலில் அப்பாவைச் சுமக்கக்கூட அவர்களைக் கூப்பிடவில்லை நாம். அது தனி இழை போட வேண்டிய விஷயம், நான் போடத் தகுதியானவன் இல்லை.

18 ஜனவரி 2025

பொங்கல் லீவில் கதையைப் புதிதாக எழுதினேன். ஊறிப்போன பிரதி கையில் இல்லாதது வசதியாகத்தான் இருந்தது. தானே இருக்கிறது, ஆனால் ஒரு பத்திதான். தார்ப்பாய் இருக்கிறது, அரிசி மூட்டை திண்ணையில் இருக்கிறது. கொல்லைக்கு நான்கு பக்கம், காலைப் பிடித்த பையனும் இருக்கிறான். நாற்காலி, டம்ளர் இரண்டும் இருக்கின்றன. கடைசியில் "நிக்குது" என்றே வைத்தேன். மெய்ப்புக்குப் போகும்போது யாராவது "நிற்கிறாள்" என்று திருத்தினால் வீட்டுக்கே போய்ச் சண்டை போடுவேன்.

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இருபது நிமிடம். நடுவில் குக்கர் இரண்டு விசில் அடித்தது, நான் நிறுத்தவில்லை. முடிந்ததும், "அன்னிக்கு நான் கட்டினது பச்சைப் புடவை" என்றாள். "அது கெடக்கட்டும், அவளுக்கு என்னா பேரு வெச்சே?"

அதைக் கேட்கத்தான் போன் செய்தேன் என்றேன். உடனே ஒன்று சொன்னாள், யோசிக்கவே இல்லை. இங்கே எழுத மாட்டேன், கதை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகிக்கு ஒரு தகவல்: நாய் மணி கதையில் இல்லை. பயப்படாதீர்கள், சாகவில்லை. இடம் போதவில்லை.